கஜபதி வீட்டு ஓதச் சுவர்

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தான் பெயிண்டர் கஜபதி. சுற்றுவட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் அவன் கை படாதவை குறைவு. பட்டி பார்த்து அவன் தேய்த்துவிட்ட சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். அவனுக்கு அடங்காத சுவர் ஒன்றே ஒன்றுதான். அது அவன் வீட்டுப் படுக்கையறையில் இருந்தது. ஆண்டு முழுக்க ஓதம் இருக்கும்; மழைக்காலத்தில் அது கூடி, பெயிண்ட் கொப்பளித்து உதிரும். வேலை போக மீந்த டப்பாவில் எந்த நிறம் இருக்கிறதோ அதைப் பூசி மூடிவிடுவான்.

அந்த அறையில்தான் அவன் மகள் நிஷா படுப்பாள். ஒன்பது வயது. மழை பிடித்தால் இளைப்பும் பிடித்துக்கொள்ளும். போன மழையில் அது அதிகமாகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். மூச்சு சீரானதும் டாக்டர் லாவண்யா தினமும் இழுக்க இன்ஹேலர் எழுதிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுச் சுவர்ல ஓதம் இருக்கா?"

"அதெல்லாம் பெயிண்ட் அட்ச்சி உட்டுட்டேன் டாக்டரம்மா. நான் பெயிண்டருங்க."

"மேல பூசினா உள்ள இருக்கிற ஈரம் போயிடுமா?"

கஜபதிக்குச் சுருக்கென்றது. இதற்குப் பதில் அவனைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? அதற்குள் மனைவி ராணி, "ஈரத் துணியக்கூட அந்த ரூம்லதாங்க காயப்போடுறேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

ஈரம் தங்கும் அறையில் பூசணம் வளரும், மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகும், இரண்டும் பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சீண்டும் என்றார் டாக்டர். மருந்தை நிறுத்தக் கூடாது, வீட்டையும் சரிசெய்ய வேண்டும்.

மறுநாள் கஜபதி நிஷாவை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பீரோவை நகர்த்தினான். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். சுரண்டச் சுரண்ட ரோஸ், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள் என்று ஏழு வருடத்து நிறங்கள் செதில் செதிலாய் விழுந்தன. கடைசியில் வந்த சிமென்ட் சொதசொதவென்று இருந்தது.

"நானே மூடி வெச்சிகினு இருந்துட்டேன், ராணி."

அந்தச் சுவருக்கு நேர் மேலே, மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஞானம்மாளின் குளியலறை. கஜபதி போய்க் கேட்டதும் அவர், "என் பாத்ரூம்ல சொட்டு ஒழுவலப்பா. அது மழத்தண்ணி" என்று அடித்துச் சொன்னார்.

கஜபதி வாதாடவில்லை. பெயிண்டில் நிறம் கூட்ட வைத்திருந்த நீலச் சாயப் புட்டியை எடுத்துவந்தான். "யக்கா, இத ஒரு பக்கெட்டு தண்ணில கலந்து பாத்ரூம்ல ஊத்துறேன். மழத்தண்ணின்னா என் செவுரு நீலமாவாது."

"ஊத்து, பாத்துரலாம்!"

மறுநாள் காலை வீட்டில் ஒரே கூச்சல். "நைனா! செவுரு நீலமா அழுவுது!" என்று கத்திய நிஷா, மாடிக்கு ஓடி ஞானம்மாளைக் கையோடு இழுத்து வந்தாள். மேலிருந்து கீழாக இறங்கியிருந்த நீலக் கோட்டைப் பார்த்து, மோவாயில் கைவைத்து நின்றார் அவர். பிறகு அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"அடப்பாவி, நான் குளிச்ச தண்ணியெல்லாம் உன் ஊட்லதான் கீதா!"

அந்த வாரமே கொத்தனார் கோவிந்தன் வந்து மாடிக் குளியலறைத் தரையை உடைத்துக் குழாயை மாற்றினார். ராணி பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப்போட்டாள். துணிக்கொடியை மொட்டை மாடிக்கு ஏற்றினாள். வாராவாரம் போர்வைகளைச் சுடுநீரில் அலசினாள். வெயில் வந்தால் ஜன்னல்கள் திறந்துகொண்டன.

சுவரை மட்டும் கஜபதி ஒன்றரை மாதம் அப்படியே விட்டுவைத்தான். "இன்னா மாமே, பெயிண்டர் ஊட்டு செவுரு மொட்டையா கீது?" என்று கூட்டாளி சம்பந்தம் கிண்டலடித்தான்.

"காயணும்டா. நல்லா காயட்டும்" என்றான் கஜபதி, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவனைப் போல. உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஈரம் அறவே இல்லை என்று தெரிந்தபின்தான் பிரைமர் அடித்தான். பெயிண்ட் வாடை போகும்வரை பிள்ளை கூடத்தில் படுத்தாள்.

மாசி மாதத்தில் நிஷா தானாகவே பள்ளிக் கபடி அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இன்ஹேலர் நிற்கவில்லை, விளையாடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். போட்டியன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினான் கஜபதி. நிஷா பாடிப் போனாள். "கபடி கபடி கபடி" என்று ஒரே மூச்சில், குரல் அறாமல். ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தியைத் தொட்டாள், பிடிக்க வந்த கையிலிருந்து வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள்.

"என் பொண்ணுபா! அது என் பொண்ணு!" என்று பக்கத்தில் நின்றவரின் தோளைப் போட்டு உலுக்கினான் கஜபதி. அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்துவிட்டன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.