கிழங்கைச் சுற்றிய தாள்

உயர்தரத் தாவரவியலுக்கு நீல அல்லியைக் கிழங்கோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. பிடுங்கிய இடத்தின் படமும் கீற வேண்டும். அதற்கு ஐந்து புள்ளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

நாங்கள் குடியிருந்த ஜிந்துப்பிட்டியிலிருந்து அப்பாவோடு கொலன்னாவைச் சதுப்புக்குப் போனேன். அப்பா முழங்காலளவு சேற்றில் நின்று தோண்டினார்.

"கோயிலடியில ஒரு கட்டு வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். படிச்சவங்களுக்குச் சேறும் வேணுமாக்கும்."

"கோயில் பூவுல கிழங்கு இருக்காதுப்பா."

"இருந்தா மட்டும் முருகன் மார்க்கா போடப்போறாரு?"

நான் கரையில் இருந்து படம் கீறினேன். வீதி, வாய்க்கால், அல்லி நின்ற இடம். அடையாளத்துக்குத் தூரத்தில் தெரிந்த எண்ணெய்க் கிடங்கின் தாங்கிகளை இரண்டு வட்டங்களாகப் போட்டேன். கிடங்கு வேலியிலிருந்து அல்லிக்கு எத்தனை அடி என்று மையால் எழுதினேன். வடக்குக்கு அம்புக்குறியும் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அதை எடுத்து ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. யுத்த காலம். தாங்கிகளைச் சுற்றிக் காவல். ஒரு தமிழ்ப் பிள்ளையின் கொப்பியில் அவற்றின் படம். பஸ் வேகம் குறைந்தது. முன்னால் சோதனைச் சாவடி.

தாளைக் கிழித்தெடுத்து ஈரக் கிழங்கில் சுற்றினேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். ஒரு தரம் பார்த்தார். பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வாயத் தொறக்காத புள்ள."

எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரர் பையைத் திறந்தார்.

"மேக்க மொக்கத?"

இது என்ன என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் விளக்க நான் வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"மானெல் மல், மஹத்தயா. பன்சலட்ட."

அல்லிப் பூவாம், பௌத்த விகாரைக் குளத்தில் நட, கிழங்கோடு கொண்டுபோகிறோமாம். முதுகை வளைத்து, எனக்கு வராத சிங்களத்தில் சரளமாகச் சொன்னார். அந்த நேரத்திலும் அந்த வளைவு எனக்கு வெட்கமாக இருந்தது.

பொலிஸ்காரர் கிழங்கைத் தூக்கினார். தாளும் சேர்ந்து எழும்பியது. சேறு அவர் சப்பாத்தில் சொட்டியது. ஏசிக்கொண்டே அதைப் பைக்குள் போட்டுவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வீட்டில் தாளை விரித்தேன். மை கரைந்துபோயிருந்தது. பென்சிலால் போட்ட இரண்டு வட்டங்களும் அப்படியே இருந்தன. அப்பா வாங்கி அடுப்பு நெருப்பில் வைத்தார்.

"இடப்படம் எங்க பிள்ளை?" என்று வகுப்பில் கேட்டார் ஆசிரியை.

"கீற மறந்துட்டேன் மிஸ்."

"நீயோ மறந்தனீ?"

ஐந்து புள்ளியையும் சிவப்பு மையால் வெட்டினார். வெட்டட்டும் என்று நின்றேன்.