ஐந்து ஜன்னல்களை மூடியவர்

யுத்த காலத்தில் பம்பாய் மாட்டுங்கா ரேஷன் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் செலவைக் குறைக்கும்படி சர்க்கார் உத்தரவு வந்தது. யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று எங்கள் சூப்பரின்டென்டென்ட் முடிவு செய்தார். அந்தப் பட்டியலை என்னையே டைப் அடிக்க வைத்தார். ஐந்து ஜன்னல் குமாஸ்தாக்களின் பெயர்கள் அதில் இருந்தன; கடைசிப் பெயர் என்னுடையது.

"சார், அப்பா படுத்த படுக்கையா இருக்கார். என் சம்பளத்துலதான் ஆத்துல அடுப்பெரியறது" என்றேன்.

"பொம்மனாட்டிக்கு உத்யோகம் எதுக்கு? கல்யாணம் பண்ணிண்டு போ" என்று சிரித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற அதே ஆபீஸுக்குப் போனேன். ஆறு ஜன்னல்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. வரிசை தெருவரை நீண்டிருந்தது. நான் ஜன்னலை நெருங்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கொழந்தே, ஆத்துக்காரிக்கு ஜுரம். என்னை முன்னாடி விடறியா?"

அவரேதான். ரிடையராகியிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"மத்த அஞ்சு ஜன்னலையும் மூடினது இவர்தான்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்படியா சங்கதி? எங்களோடயே வெயில்ல நில்லும்வே!" என்றார் பின்னால் நின்ற தாராவிக்காரர்.

மூடும் நேரம் நெருங்கிவிட்டது அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியும். என் கார்டின் ஒவ்வொரு எழுத்தையும் குமாஸ்தாவை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னேன். நான் நகர்ந்ததும் ஜன்னல் சாத்தப்பட்டது. அவர் பலகையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

தாராவிக்காரரும் வெறுங்கையோடு திரும்பினார். அவருக்காக வருந்தினேன். பலகையைத் தட்டியவருக்காக இன்றுவரை இல்லை.