வளைந்த திரையின் உள்பக்கம்

நம்பாதவர்கள் என் அக்கா வீட்டுக்காரரின் தலையைத் தடவிப் பார்க்கலாம். நெற்றியில் தொடங்கி உச்சி வரை இருபத்துமூன்று தையல். இது நடந்தது ராத்திரியில் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மேல், தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில். அத்தானும் அக்காவும் தனித்தனியாக என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அத்தான் பொய்ப்பல் செய்கிறவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிற ரகம். சின்ன வயதில் விமானி ஆக ஆசைப்பட்டார். இடது காது பிறவியிலேயே கேட்காது என்பதால் மருத்துவப் பரிசோதனையிலேயே கழித்துக்கட்டிவிட்டார்கள். அந்த ஏக்கத்தை நாற்பத்தாறாவது வயதில், மாடி அறையில் தீர்த்துக்கொள்ள இறங்கினார். கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டர். பெல்ட்டோடு ஒரு பழைய கார் சீட். மேலே மூன்று புரொஜெக்டர். எதிரே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அரைவட்டமாக ஒரு திரை. உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் வானம் தெரிய வேண்டும்.

தரையில் ஓர் ஆணி அடித்து, கயிற்றில் பென்சில் கட்டி வில்போல் கோடு போட்டார். அதே வளைவில் பிளைவுட்டை அறுத்துக் கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவே நெட்டுக்குச் சட்டங்கள். அதன் மேல் பொருத்த, வழவழப்பாக, உடையாமல் வளைகிற தகடு வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் பழைய வண்டி உடைக்கிற கடையில் அகப்பட்டது. வெள்ளை ஃபைபர் தகடு. நான்கு.

"குளிர்சாதன லாரியோட உள்சுவர் சார். எப்படி வேணா வளையும்," என்றார் கடைக்காரர்.

"ஒரு கை பிடிங்க, வண்டியில ஏத்திடலாம்."

"நீங்களே ஏத்திக்குங்க சார். எனக்கு முதுகு வலி."

அவர் அந்தத் தகடுகளை விரலால்கூடத் தொடவில்லை என்பது அத்தானுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். "பிளேன் ஓட்டறேன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள கப்பல் கட்டறீங்களே," என்று கிண்டலடித்தாலும், தகட்டை வளைத்துப் பிடித்தது அவள்தான். தகட்டின் வழவழப்பான பக்கம், லாரிக்குள் உள்பக்கமாக இருந்த பக்கம், நாற்காலியைப் பார்த்து வந்தது. இணைப்புகளில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று முறை வெள்ளை அடித்தார்கள்.

மறுநாள் காலை, திரையில் முழங்கால் உயரத்தில் மங்கலாக ஒரு கறை. எண்ணெய்ப் பிசுக்கு போல. தேய்த்து மறுபடி வெள்ளை அடித்தார். மறுநாள் அதே இடத்தில் அதே கறை. பக்கத்தில் இன்னும் இரண்டு.

அதற்கடுத்த நாள் திரைக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது. பின்பக்கம், திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தார். பதினொரு ஸ்க்ரூ தரையில் கிடந்தன. தகடு விறைப்பில் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்தார். நீளமான ஸ்க்ரூவாக வாங்கிவந்து முடுக்கினார்.

சனிக்கிழமை காலை அவையும் தரையில் கிடந்தன.

இந்தத் தடவை தகட்டின் முதுகைக் கையால் தடவினார். புடைப்புகள். இங்கொன்றும் அங்கொன்றுமாக, கைமுட்டி அளவில். ஒன்று மட்டும் பெரியது, தலை அளவு. எல்லாமே பின்பக்கமாகத் தள்ளியிருந்தன. அப்படியென்றால் இடித்தவர்கள் பின்னால் இல்லை... முன்னால் நின்று இடித்திருக்கிறார்கள். அவருடைய நாற்காலி இருக்கிற பக்கத்தில்.

அக்காவிடம் சொல்லவில்லை. எட்டு மாத உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகப் பறக்கப்போகிறார். சொன்னால் அன்றே பிரித்துப் போடு என்பாள்.

மதியம் 3:10. ஜன்னலில் கறுப்புத் துணி. கதவைச் சும்மா சாத்தினார்; அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. பெல்ட்டை மாட்டி ஓடுபாதையிலிருந்து விமானத்தைக் கிளப்பினார். மூன்று பக்கமும் மேகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

3:15. கை விறைத்தது. மூச்சு விட்டால் புகை. அறையில் ஏசி கிடையாது.

3:16. இடது காதில் ஒரு சத்தம்.

டொம்.

நாற்பத்தாறு வருஷமாக எதுவுமே கேட்காத காது அது.

டொம்... டொம்...

திரையில் அடிவானம் குலுங்கியது. முதுகுக்குப் பின்னாலிருந்து மூச்சுச் சத்தம். ஒருவருடையது அல்ல. பலர் நெருக்கியடித்துக்கொண்டு வாயைப் பிளந்து இழுக்கிற மூச்சு.

எழுந்திருக்கப் பார்த்தார்.

3:17. இரண்டு மணிக்கட்டையும் யாரோ பிடித்தார்கள். அப்புறம் கணுக்கால்கள். அப்புறம் தலைமுடி. ஜில்லென்ற கைகள். பெல்ட் நூல் நூலாகப் பிய்ந்தது. ஆளை அப்படியே கிடைமட்டமாகத் தூக்கினார்கள்.

இரண்டடி பின்னால் போனார்கள்.

ஓடினார்கள்.

டொம்!

மேகத்தில் அவர் தலை மோதியது. வெள்ளையில் சிவப்பு தெறித்தது.

மறுபடி பின்னால்...

டொம்!

கீழே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் இடிக்குத் தலை நிமிர்ந்தாள். இரண்டாவதுக்கு மாடிக்கு ஓடினாள். கதவு அசையவில்லை. உள்ளே பத்துப் பதினைந்து பேர் சாய்ந்து நிற்பது போல் கனத்தது.

"ஏங்க! என்னங்க ஆச்சு?"

டொம்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எறிந்து பழகும் இரும்புக் குண்டு ஒன்று மாடிப்படியில் கிடந்தது. நான்கு கிலோ. எடுத்துக் கதவில் எறிந்தாள். பலகை பிளந்தது. கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு நுழைந்தாள். தோள் முழுக்கக் கீறல்.

உள்ளே யாருமில்லை.

அத்தான் மட்டும் நெஞ்சுயரத்தில் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தார். மரக்கட்டை போல, முகம் கீழே. முகத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடின அந்தக் கைகள்.

டொம்!

அவள் தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"விடுங்கடா!"

விடவில்லை.

வலது கை ஒன்றுதான் மிச்சம். தரையில் உருண்ட குண்டை எடுத்தாள். திரையைப் பார்த்து வீசினாள்.

தகடு மேலிருந்து கீழே கிழிந்தது.

'உஸ்ஸ்ஸ்...'

அவள் கூந்தலைப் பறக்கடித்துக்கொண்டு, ஒரு காற்று அந்தக் கிழிசல் வழியே வெளியே போனது. இடித்துக்கொண்டு, முண்டிக்கொண்டு. வெகு நேரம்.

அத்தான் தொப்பென்று விழுந்தார்.

மணி 3:26.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது: "எத்தனை பேர் சேர்ந்து அடிச்சாங்க?" அத்தானின் கையிலும் காலிலும் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. பெரிய விரல், சின்ன விரல். ஒரு தடம் குழந்தையுடையது. போலீஸ் அக்காவை இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்டது. அவள் தோளின் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் விட்டார்கள்.

தகடுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனது நான். வண்டியைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

அந்த லாரியில் பதினான்கு பேரை அடைத்துத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வழியில் போலீஸைப் பார்த்து டிரைவர் பயந்துபோய், வெளியே பூட்டிவிட்டு வண்டியை ஒதுக்குப்புறமாக விட்டு ஓடிவிட்டான். பதின்மூன்று பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள்.

"மீதி ஒருத்தர்?"

"அவங்களைக் கூட்டிட்டு வந்த ஏஜெண்ட் சார். உள்ளேதான் இருந்தான். மண்டை உடைஞ்சு செத்தான். சுவத்துல தூக்கித் தூக்கி இடிச்சிருக்காங்க."

"கோவத்துல அடிச்சே கொன்னுட்டாங்களா?"

கடைக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். வண்டியை ஏலத்தில் எடுத்தபோது வழக்குக் காகிதங்களை அவரே படித்துப் பார்த்திருக்கிறார்.

"மத்தவங்க எல்லாருக்கும் மூச்சு நின்னது முதல் நாள் காலையிலயே சார். அவனுக்குக் கொஞ்சம் காத்து கிடைச்சிருக்கு, கடைசி வரைக்கும் உயிரோட இருந்திருக்கான்." வண்டியிலிருந்த தகடுகளைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். "அவன் மண்டை உடைஞ்சது மறுநாள்னு டாக்டர் எழுதியிருக்கார்."