கத்திரி வெயிலில் வெந்நீர்க் குழாய்

கத்திரி வெயில் கொளுத்துகிற மே மாதத்தில், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று பிளம்பருக்கு ஃபோன் செய்த ஒரே ஆள் மயிலாப்பூரில் நானாகத்தான் இருப்பேன். எதிர்முனையில் பிளம்பர் பாய், "சுடுதண்ணிக் கொழாயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "உடம்புக்கு ஏதும் முடியலியா சார்?" என்று கவலையாகக் கேட்டார். முதுகுவலி, வெந்நீர் ஒத்தடம் என்று புளுகினேன். பக்கத்தில் மனைவி இருந்தாள். உண்மையைச் சொல்ல வழியில்லை. அவளும், "முதுகுவலியா? வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க" என்றாள்.

உண்மை இதுதான். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். தலைக்கு மேலே மொட்டை மாடி, அங்கே டேங்க். கோடையில் சாயங்காலம் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முட்டை அவிக்கலாம். கீசரையோ மார்ச் மாதமே அணைத்துவிடுவோம். அதற்குள் வெயில் படாமல் கிடக்கும் பதினைந்து லிட்டர் தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருக்கும். ஆக, பச்சைத்தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். ஐந்து வருடம் முன்பு கைதவறி அந்தக் குழாயைத் திருப்பியபோது இதைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரிடமும் என்றால், வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

பதினைந்து லிட்டர் ஒருவருக்குத்தான் காணும். அதைக் காலி செய்தால் டேங்க்கிலிருந்து கொதிக்கிற தண்ணீர் கீசருக்குள் இறங்கிவிடும். நான் ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கே வந்துவிடுவேன். மனைவி தி.நகரிலிருந்து வந்து சேர ஏழாகும். அவள் குளித்துவிட்டு முகம் சிவந்து ஃபேனுக்கு அடியில் 'உஸ்' என்று உட்காரும்போது, நானும் "இந்த வருஷம் வெயில் ரொம்ப ஜாஸ்தி" என்று கூடச் சேர்ந்து அலுத்துக்கொள்வேன். அந்த நடிப்பு எனக்கு நன்றாகவே வந்தது.

இந்த வருடம் என் வாயில் மண் விழுந்தது. வெந்நீர்க் குழாய் திடீரென்று நூல் போல ஒழுக ஆரம்பித்தது. ஒரு குவளை நிறைவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டு குவளையோடு அதை விட்டுவிட்டு, மிச்சக் குளியலைக் கொதிக்கிற தண்ணீரில் முடிப்பேன். குழாய் மூக்கைக் கழற்றி ஊக்கால் உப்பைச் சுரண்டினேன். பைப்பைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் பாய்.

சனிக்கிழமை வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குளியலறையில் இருந்த மற்ற வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"சார், உங்க போர் தண்ணிக்கு எல்லா வால்வும் உப்பு புட்ச்சிக்கினு கீது. ஸ்பேனர் போட்டாகூட நவுராது. கீசர் வால்வு மட்டும் வெண்ண மாதிரி சுத்துது. டெய்லி யாரோ தொறந்து மூடறாங்க. இப்ப முக்காவாசி மூடிதான் கீது."

"நான்தான்" என்றாள் மனைவி, கதவருகே நின்றபடி.

என்னைப் பார்க்கவில்லை. பாயிடம்தான் சொன்னாள். "விடியக்காலைல அஞ்சு மணிக்கு டேங்க் தண்ணி கொஞ்சம் ஆறியிருக்கும் பாய். கீசர்ல கிடக்கற சூட்டுத் தண்ணியை துணி துவைக்கப் பிடிச்சுட்டு, ஆறின தண்ணியை உள்ள விட்டு வைப்பேன். சாயங்காலம் குளிக்கலாம்னு. ஆனா வந்து பார்த்தா தினமும் கொதிக்குது. அஞ்சு வருஷமா கீசரைத் திட்டிட்டு இருந்தேன். போன மாசம் ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். இவர் குளிச்சுட்டு பல்லு தந்தியடிக்க வெளிய வர்றார். அன்னிலேர்ந்து காலைல நிரப்பினதும் வால்வை முக்காவாசி மூடிட்டு, சாயங்காலம் நான் குளிக்கறப்பதான் திறக்கறேன்."

அந்த ஜில் தானாக விளைகிறது என்று நினைத்திருந்தேன். நான் ஏழு மணிவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த காலைகளில் அவள் எழுந்து நிரப்பி வைத்த தண்ணீர் அது. கூனிக் குறுகிப் போனேன்.

"இப்ப இன்னா சார் பண்றது? தொறந்து வுடட்டா, மூடியே வைக்கட்டா?" என்று கேட்டார் பாய்.

"மூடியே வையுங்க" என்றேன்.

ஸ்டூலை விட்டு இறங்கி, "முதுகுக்கு ஒத்தடம் நல்லாவே குட்த்துட்டாங்க சார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்றிரவே அறிவித்துவிட்டேன். நாளையிலிருந்து ஐந்து மணிக்கு நான் எழுந்து கீசரை நிரப்புவேன், குளிர்ந்த தண்ணீர் முழுக்க அவளுக்குத்தான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

சொன்னபடியே எழுந்தேன். கவிழ்த்த பக்கெட் ஒன்றின் மேல் உட்கார்ந்து, இன்னொன்றைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தேன். நூல் போல வந்தது. கொசு கடித்தது. பால் பாக்கெட் வந்தது. ஆறு மணிக்கு முக்கால் பக்கெட்டைத் தாண்டவில்லை. ஜன்னலில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆறரை மணிக்கு மனைவி நன்றாகத் தூங்கிய முகத்தோடு வந்து கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"முதல்ல வால்வை முழுசா திறக்கணும். பிடிச்சு முடிச்சுட்டுத்தான் மூடணும்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அஞ்சு வருஷமா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."