சொங்சாங்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கார் பட்டறையைக் கடக்கும்போது வந்த கிரீஸ் வாசனை, ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே கொண்டோமினியம் நிற்கிறது. அப்போதெல்லாம் ரயில் பட்டறையில் வேலை முடிந்து வரும் அப்பா சவர்க்காரத் தூளால் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ, தகர வாளியில் தண்ணீர் கறுத்துக்கொண்டே வர, பக்கத்தில் அக்கா மல்லிகா ஐந்தாம் படிவக் கணக்குகளை முணுமுணுத்தபடி போட்டுக்கொண்டிருப்பாள்.

"அது என்னம்மா சொங்சாங்? மலாய்ல தலைகீழுன்னுதானே அர்த்தம்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"கணக்குல வேற லா பா. செஞ்சத இல்லாம ஆக்கி, பழைய எடத்துக்கே திரும்பிப் போறது. அஞ்சக் கூட்டினா அஞ்சக் கழிக்கணும்."

"எல்லாத்துக்கும் அப்படி உண்டா?"

"பூஜ்யத்தால பெருக்கினா இல்ல பா. எந்த நம்பரும் பூஜ்யமாயிரும். முன்ன என்ன இருந்துச்சுன்னே தெரியாது."

அப்பா சிரித்தார். அந்த வருடமே ஒரு மதியம் நெஞ்சுவலியில் போய்விட்டார். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் ஒரு வாடகை அறைக்கு வந்தோம். அக்கா படிப்பை விட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள்.

அக்கா எழுதியிருக்க வேண்டிய எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் கணக்குப் பரீட்சை அன்று காலை, அம்மா அவளுடைய நீலப் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருந்தார். வெளியே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. அக்கா சீருடையை எடுத்து, சூடு ஆறுமுன்பே மடித்து, என் கையில் வைத்தாள்.

"இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தச்சா உனக்குச் சரியா இருக்கும்," என்றாள்.