முளைப்பாரியைத் தின்ற அட்டை

செடியைத் தின்கிற பிராணிகளில் நான் மதிக்கக்கூடியது ஒன்றுகூடக் கிடையாது. இருந்தாலும் கேவலத்திலும் தராதரம் உண்டு. கம்பளிப்புழு பட்டப்பகலில் இலைமேல் உட்கார்ந்து தின்னும். முகத்தைக் காட்டித் திருடும். மாவுப்பூச்சி செம்பருத்திக் காம்பில் வெள்ளையாக அப்பிக்கொண்டு, எறும்பைக் காவலுக்கு வைத்துச் சாறு உறிஞ்சும். சோம்பேறிதான், ஆனால் இருக்கிற இடம் தெரியும். ஓடில்லாத நத்தை இந்தக் கணக்கிலேயே வராது. முதுகில் ஒரு ஓட்டைச் சுமக்கக்கூட வக்கில்லை. வெயில் பட்டால் ஆகாது, காற்று பட்டால் ஆகாது, ஆனால் விடிவதற்குள் ஒரு பாத்திக் கீரையை முடித்துவிடும். எங்கள் தெருவில் அதற்கு அட்டை என்று பெயர். நெளிந்து ஊர்வது எல்லாமே எங்கள் தெருவுக்கு அட்டைதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளும் எண்ணம் ஒருவருக்கும் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் திருத்தங்கல் ஓரத்தில் இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணன் மனைவியான என் மதினி, கல்யாணமாகாத தங்கச்சி நான். அண்ணனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் வேலை. நான் அச்சாபீசில் லேபிள் வெட்டினேன். வீட்டுக்குப் பின்னால் காலி டிரம்களைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, கத்தரி, வெண்டை, அரைக்கீரை போட்டிருந்தேன். இலையில் ஓட்டை விழுந்தால் தெரு முழுக்க வைத்தியர்களாகிவிடும். "கண்ணு பட்டுருச்சுத்தா, பிஞ்ச செருப்பக் கட்டு" என்பாள் ஒருத்தி. பக்கத்து வீட்டில் இருந்த பட்டாசுக் கம்பெனிப் போர்மேனுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் கந்தகம்தான் மருந்து. தன் மிளகாய்ச் செடிக்கு நல்ல வெயிலில் அதை அள்ளித் தூவி இலையையெல்லாம் பொசுக்கிவிட்டு, "பூச்சி செத்துருச்சு பாத்தியா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செடியே செத்த பிறகு பூச்சிக்கு அங்கே என்ன வேலை?

நான் செய்ததில் வித்தை ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். புழு தின்றால் இலைக்கடியில் மிளகு மாதிரி கழிவு கிடக்கும். எலி கடித்தால் தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். இலையில் கோணல்மாணலாக ஓட்டை விழுந்து, பக்கத்தில் காய்ந்த கஞ்சிபோல் பளபளவென்று ஒரு கோடு ஓடியிருந்தால் அது ஓடில்லாத நத்தை. பொழுது சாய்கையில் ஒரு ஈரச் சாக்கை மடித்து, உள்ளே பப்பாளித் தோலைப் போட்டுச் செடி ஓரம் வைக்க வேண்டும். விடிந்ததும் சாக்கைப் பிரித்தால் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். குச்சியால் உப்புத் தண்ணீர் வாளியில் தள்ளினால் முடிந்தது. அவற்றுக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அந்த வருஷம் எங்கள் அம்மன் கோயில் புரட்டாசிப் பொங்கலுக்கு மதினி முளைப்பாரி போடுவதாக நேர்ந்திருந்தாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கிற மாதம் அது. அண்ணன் வீட்டுக்கு வந்து படுப்பதே பெரிது. இவள் மட்டும் விரதம் இருந்து, பாசிப்பயறும் தட்டாம்பயறும் ஊறவைத்து, வைக்கோலும் எருவும் போட்ட பானையில் விதைத்தாள். எல்லா வீட்டுப் பானைகளையும் கோயிலை ஒட்டிய ஒரு இருட்டறையில் வைத்து மூடிவிடுவார்கள். வெளிச்சம் படாமல் முளை வெளுத்து உயரமாக வரும். பொறுப்பாக நியமித்த ஒரு பெரியம்மாதான் தினமும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். முளை செழித்தால் வீடு செழிக்கும், கருகினால் அந்தப் பெண்ணிடம் குறை இருக்கிறது என்று அர்த்தம். ஆண்களின் குறை எந்தப் பயறிலும் முளைப்பதில்லை.

முளைப்பாரியைத் தலையில் தூக்கிப் போகும் ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்துவதுபோல் தாழ்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மத்த பான எல்லாம் முழங்கை ஒசரம் வந்துருக்கு. ஒங்க மருமக பான மட்டும் நடுவுல மொட்டையா நிக்கி. சுத்தபத்தமா இருந்தாளா இல்லையான்னு நீங்களே கேட்டுக்கோங்க."

அம்மா கேட்கவில்லை. கேட்பதற்கு அவளிடம் எதுவும் பாக்கி இல்லை. "ஆத்தாளே சொல்லிட்டா. இனிமே நான் எதுக்குப் பொறுக்கணும்? எம் மகனுக்கு வேற பாக்குறேன்" என்றாள். காரியாபட்டிப் பக்கம் அவளுடைய தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா அதன் நட்சத்திரம் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள். பெற்றவள் என்று பார்க்காமல் அந்த நிமிஷம் எனக்கு அருவருப்பாக இருந்தது. மதினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

கன்னிப்பெண் என்பதால் அந்த அறைக்குள் போக எனக்குத் தடை சொல்ல முடியாது. விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா முணுமுணுத்தபடியே பின்னால் வந்தாள். மதினியின் பானை கடைசி மூலையில், தண்ணீர் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. தரை சொதசொதவென்று ஈரம். அண்டாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நனைந்த சாக்கிலிருந்து பானை விளிம்பு வரை பளபளவென்று கோடுகள். நான் சாக்கைத் தூக்கினேன். அட்டைகள் அத்தனை பேரும் அங்கே சுகமாக இருந்தார்கள், அம்மன் பிரசாதம் தின்று கொழுத்து.

"பெரியம்மா, இந்தா இருக்கு நீங்க சொன்ன அசுத்தம்" என்றேன்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். ஆனாலும் தோற்க மனமில்லை. "அட்டைக்கு எம்புட்டோ பான இருக்கைல, இவ பானைக்கு மட்டும் ஏன்டி வந்துச்சு?"

"இத ஈரத்துல கொண்டு வச்சது யாரு?"

நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, "பிள்ள இல்லாதவ பானைய முன்னால வைக்கக் கூடாதுல்ல. மத்த பானைக்கு ஆகாது" என்றாள், அதில் என்ன தப்பு என்பதுபோல. குழந்தை இல்லாதவள் என்று பானையை மூலையில் தள்ளினார்கள். மூலையில் இருந்ததால் அதை அட்டை தின்றது. அட்டை தின்றதால் அவளுக்குக் குழந்தை பிறக்காது என்று முடிவு கட்டினார்கள். இத்தனை வேலையையும் இவர்களே செய்துவிட்டு, பழியை மட்டும் அம்மன் தலையில் கட்டினார்கள்.

அந்தச் சாக்கை அப்படியே சுருட்டி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தார் பார்க்க விரித்துப் போட்டேன். அம்மா மூக்கைச் சுளித்தாள். "அட்டையாவே இருக்கட்டும். கோளாறு கோளாறுதான" என்றாள். நான்கு பேர் தலையாட்டினார்கள். அண்ணன் அப்போதுதான் லோடு அனுப்பிவிட்டு வந்து, கைகால்கூடக் கழுவாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டில் யாராவது யாரையாவது திட்டினால் அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான்.

மதினி வெளியே வந்தாள். விரதத்தில் முகம் வாடியிருந்தது. குரல் வாடவில்லை.

"அத்தை, என்னைய விருதுநகர்ல காட்டுனீக, மதுரையில காட்டுனீக. எங்கிட்ட ஒரு கொறையும் இல்லன்னுட்டாக. நாளைக்கி ஊர்வலத்துல அந்தப் பானையத் தூக்கிட்டுத்தான் போவேன். ஆனா அதுக்கு முன்னால, ஒங்க மகன ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இங்கன எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ஆம்பளையப் பாத்து என்ன பேச்சு பேசுற நீ? எம் மகனுக்கு என்ன கொற? ஏலே, நீ சொல்லுலே!" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் கதவை விடவே இல்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேம்மா. போன வருசமே. எங்கிட்டதான் கொறன்னு சொல்லிட்டாக. சீசன் முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

போன வருஷத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு தீபாவளியே வந்து போயிருந்தது. மதினி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.