அபாயமில்லாத மூன்று போத்தல்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வீட்டின் பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர். பேஸ்மென்ற்றின் ஒரு பாதி எங்களுக்கு. மறு பாதியில் அவருடைய வேலை மேசை. இடையில் சுவர் கிடையாது, ஓர் இரும்பு விறகடுப்பு மட்டும் நின்றது.

அந்த மேசையில் அவர் தோட்டா செய்தார். சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கழகத்துக்குப் போய்க் கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு, வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வாரநாட்களில் அவற்றுக்கு மறுபடி மருந்து நிரப்புவார். ஒவ்வொரு கோதின் அடியிலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு கிண்ணம் பதிந்திருக்கும். அதன் பெயர் பிறைமர். துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் குத்தினால்தான் மருந்து பற்றும். குத்துப்பட்டது செத்தது, அதை மறுபடி பயன்படுத்த முடியாது. மேசையில் பூட்டியிருந்த கைப்பிடியை அவர் இழுக்க, செத்த பிறைமர் கழன்று தகரப் பேணிக்குள் விழும். பிறகு புதியது ஒன்றை வைத்து அழுத்துவார்.

செத்தவற்றை அவர் வீசுவதில்லை. பழைய ஊறுகாய்ப் போத்தல்களில் போட்டுத் தண்ணீர் விட்டு வைத்தார். தப்பித் தவறி உயிருள்ளது ஒன்று கலந்திருந்தாலும் தண்ணீர் அதை அடக்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. போத்தல்கள் மூன்று நிறைந்திருந்தன. மூன்றிலும் தபால்காரரின் துப்புரவான கையெழுத்தில் ஒரே வாசகம்: "சுட்ட பிறைமர். அபாயமில்லை."

எங்களுக்கு மகள் பிறந்து சில மாதங்களில் வீட்டுக்காரரின் மகள் வடக்கிலிருந்து கார் ஓட்டி வந்தார். வீடு தகப்பன் பெயரில் இருந்தாலும் முடிவுகள் மகளுடையவை. அவர் எங்கள் குழந்தையைப் பார்த்தார். பிறகு போத்தல்களைப் பார்த்தார்.

"இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன். அதற்குள் போத்தல்கள் போகவேண்டும். போகாவிட்டால் பேஸ்மென்ற்றையே காலிசெய்ய வேண்டும், மேசையும் ஆட்களும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அன்றைய வாடகை விளம்பரங்களில் "பிள்ளைகள் வேண்டாம்" என்ற வரி கட்டாயம் இருக்கும். கைக்குழந்தையோடு இன்னொரு பேஸ்மென்ற் கிடைப்பது கஷ்டம்.

"நீர் பேப்பரிலை வேலை செய்தனீர்தானே," என்றார் என் கணவர், தொழிற்சாலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டியபடி. "உந்தப் போத்தலுகளை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு விசாரிச்சுப் பாருமன்."

"கொழும்பிலை நான் எழுத்துப் பிழை பாத்தனான். வெடிமருந்து பாக்கேல்லை."

"ரெண்டும் ஒண்டுதானப்பா. ஒண்டு தப்பினாலும் காலமை ஊரே கத்தும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் வேலையாகச் செய்தேன். ரப்பர் கையுறை போட்டு, போத்தல்களைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்து, ஒவ்வொரு பிறைமரின் முதுகையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஊசி குத்திய குழி இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. பிழை தரையில் இருந்தது. மேசைக்குக் கீழே, நீர் வடியும் துவாரத்துக்குப் பக்கத்தில், குழி விழாத புத்தம் புதிய பிறைமர் ஒன்று கிடந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"என்னுடையது அல்ல. நான் உயிருள்ளதைக் கீழே விட்டதே இல்லை," என்று சொல்லிவிட்டு அதை வாங்கி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார். அந்த வீட்டில் தோட்டா செய்யும் வேறு யாரும் இல்லை. அவர் தேநீர் குடிக்கும்போது கோப்பை தட்டில் மோதும் சத்தம் சில மாதங்களாகக் கீழே இருந்த எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் போத்தல்களைக் குப்பையோடு வைத்தோம். குப்பை எடுப்பவர் லேபலைப் படித்துவிட்டு வாசலில் திருப்பி வைத்துப் போனார். "அபாயமில்லை" என்று எழுதியிருந்ததுதான் அவரைப் பயப்படுத்தியது. அவர் எடுக்கும் குப்பைகளில் வேறு எதிலும் அப்படி எழுதியிருக்காது. லேபலைக் கிழிப்போம் என்றேன். வீட்டுக்காரர் மறுத்தார். வாழ்நாள் முழுவதும் முகவரி பார்த்துக் கொடுத்தவர். பெயரில்லாத பொருள் அவர் கையிலிருந்து போகாது.

அடுத்ததாகப் பழைய இரும்பு வாங்குபவர். குழந்தையின் தள்ளுவண்டியின் கீழ்த் தட்டில் போத்தல்களை வைத்து, அழுக்குப் பனிக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒரு பிறைமரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பித்தளைதான், வாங்கலாம், ஆனால் இது வெடிபொருள் அல்ல என்று பொலிசிடம் எழுதி வாங்கி வா என்றார்.

பொலிஸ் நிலையத்தில் இருந்தவர் மரியாதையானவர். முதலில் குழந்தைக்கு வயதென்ன என்று கேட்டார்.

"உயிருள்ள வெடிபொருள் என்றால் நாங்கள் பொறுப்பெடுப்போம். இவை செத்தவை. செத்தவை உலோகம். உலோகத்தை நாங்கள் எடுப்பதில்லை."

"அப்படியே எழுதித் தருவீர்களா?"

"வெடிபொருளாக இல்லாத ஒன்றைப் பற்றி நான் எப்படி எழுதுவது?" அவர் உண்மையாகவே வருந்தினார். "இதற்குள் ஒன்றாவது உயிரோடு இருந்தால், எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக்கொள்வேன்."

அதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருடைய அலுமாரியில் புதிய பிறைமர்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒன்றைப் போட்டால் போதும்.

"அப்படியென்றால் நான் கவனமில்லாதவன் என்று எழுதிக் கொடுப்பதாகும்," என்றார். லாச்சியை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

ஞாயிறு வந்துவிட்டது. போத்தல்கள் தள்ளுவண்டியின் கீழ்த் தட்டில் போர்வைக்கு அடியில், மேல் மாடி நடையில் நின்றன. மகள் கேட்டால் "பேஸ்மென்ற்றில் இல்லை" என்று சொல்லலாம், அது பொய்யல்ல என்று வீட்டுக்காரர் தீர்மானித்திருந்தார். மகள் கேட்டார். அவர் சொன்னார். மகள், முன்பு போத்தல்கள் நின்ற வெறும் தட்டுகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

குழந்தை மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து அழுதுகொண்டிருந்தது. அதைக் கேள்விப்பட்டு சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து கணவரின் தூரத்து உறவான அன்ரி அதே நேரத்துக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு கடதாசிச் சரை உப்பும் செத்தல் மிளகாயும்.

"நாவூறு, வேற ஒண்டுமில்லை," என்றார், கோட்டைக் கழற்றாமலே. "ஆர் கடைசியாப் பாத்தது?"

கணவர் வீட்டுக்காரரின் மகளைப் பார்த்தார்.

"ஓ, உவவே?" அன்ரி அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "நல்ல முழி. பிறகு பிள்ளை அழாமல் என்ன செய்யும்!"

தமிழ் தெரியாத மகளும் சிரித்துத் தலையசைத்தார்.

நாவூறு கழிக்க மண் வேண்டும், ஆட்கள் மிதித்த மண். தெருச் சந்தியில் மண் பனிக்கடியில் கல்லாகக் கிடந்தது. "மிதிச்ச தூசியெண்டாலும் காணும்," என்று அன்ரி குனிந்து, பேஸ்மென்ற் தரையை உள்ளங்கையால் வழித்தார். ஆட்கள் அதிகம் மிதித்த இடமாகப் பார்த்து, மேசைக்கு முன்னாலும் கீழேயும் நன்றாக வழித்தார். தூசி, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் பொத்திக் குழந்தையை மூன்று தரம் சுற்றி, எரிந்துகொண்டிருந்த விறகடுப்புக்குள் எறிந்து கதவைச் சாத்தினார்.

மிளகாய் மணக்கிறதா என்று எல்லோரும் மூக்கை உயர்த்தினோம். மணக்கவில்லை.

டப்!

அடுப்புக் கதவு ஒருமுறை குதித்தது. குழந்தை அழுகையை நடுவில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தது. வீட்டுக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் என்னவென்று அங்கே அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"பாத்தியளே!" என்றார் அன்ரி. "என்ர ஆயுசுக்கு இப்பிடி ஒரு கண்ணூறு வெடிச்சுக் கேக்கேல்லை."

"என்ன அது?" என்றார் மகள். அன்ரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார்: "கண்கள். ஆட்களின் கண்கள்."

மகள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, இது உங்கள் சமயச் சடங்கா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் முகம் உடனே மரியாதைக்கு மாறியது. கனடாவில் வெடிக்கு அனுமதி தேவை, சமயத்துக்குத் தேவையில்லை. பிறகு, அமைதியாகிவிட்ட குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்பாவின் கை நடுக்கத்துக்கும் இதைச் செய்யலாமா?"

வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். தன் கை நடுங்குவது மகளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன் ஏலாது? இருக்கச் சொல்லு மனுசனை," என்றார் அன்ரி. கதிரை வந்தது. வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அன்ரி மறுபடி மேசைக்குக் கீழே வழித்துப் பொத்தி, அவர் தலையைச் சுற்றினார். அந்தப் பொத்திய கையோடு அவருடைய கண்ணும் மூன்று தரம் சுற்றியது. அடுப்புக் கதவு திறந்தது, மூடியது. எனக்கு நினைவிருப்பது அவர் உதடு அசைந்தது. தபால்காரர் எந்தக் கடவுளிடம் என்ன கேட்டாரோ தெரியாது.

டப்!

"உந்த மனுசனுக்கும் கிடந்திருக்கு!" அன்ரி கையைத் தட்டினார். மகளின் கண் கலங்கியது. தகப்பனின் தோளைத் தொட்டு, பேஸ்மென்ற் நன்றாக இருக்கிறது, எல்லாம் இப்படியே இருக்கட்டும் என்றார்.

பின்னேரம், கார் போன பிறகு, வீட்டுக்காரர் அடுப்புச் சாம்பலை அரித்து, பிளந்த இரண்டு சின்னக் கிண்ணங்களை எடுத்துக் கழுவினார்.

"இரண்டு," என்றார். சற்றுப் பொறுத்து, "மூன்று," என்று சொல்லி லாச்சியைத் திறந்து, நான் கொடுத்த குழி விழாத பிறைமரை எடுத்து ஒரு போத்தலுக்குள், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மூன்று லேபல்களிலும் "அபாயமில்லை" என்பதை ஒரே கோட்டால் வெட்டி, "அபாயம்" என்று திருத்தினார். கோடு நேராக வரவில்லை. எழுத்துப் பிழை எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை பொலிஸ்காரர் மூன்று போத்தல்களையும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

நாங்கள் அந்த வீட்டில் எங்கள் மகள் நடக்கத் தொடங்கும்வரை இருந்தோம். மேசையும் இருந்தது. கைப்பிடியை இழுத்துச் செத்ததைக் கழற்றுவது அவர், புதியதை வைத்து அழுத்துவது நான் என்று ஆகியிருந்தது. என் கையிலிருந்தும் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். அன்ரி வருகிறார் என்று தெரிந்தால், வீட்டுக்காரர் காலையிலேயே தும்புத்தடியோடு கீழே இறங்கி, முழுத் தரையையும் தானே பெருக்கிவிட்டுப் போவார்.